பக்கத்து வீட்டு அம்மா

பதினைந்து நிமிஷம். அதற்கு மேல் ஒரு நொடி கிடையாது என்று கதவோரம் உட்கார்ந்திருந்த கண்காணிப்புப் பெண் சொல்லிவிட்டு, விரலால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள். ஜெபமலர் ஜெர்மன் பேச்சுப் பரீட்சைத் தாளைத் திருப்பி, கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுப் படித்தாள். முதல் பகுதி, இரண்டு பேர் சேர்ந்து திட்டம் போடுவது: உங்களோடு வேலை பார்க்கிறவர் கால் முறிந்து மருத்துவமனையில் கிடக்கிறார், அவரைப் பார்க்கப் போக வேண்டும், எப்போது போவது, எதில் போவது, என்ன வாங்கிப் போவது, ஜெர்மனில் பேசி முடிவு செய்யுங்கள். இருபத்துமூன்று வருஷம் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றவளை நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு வரவழைத்து, நோயாளிக்கு ஆரஞ்சு வாங்குவதா ரோஜாப்பூ வாங்குவதா என்று கேட்கிறார்கள். ஒரு மண்ணும் வாங்க வேண்டாம், கூட்டமாக வராதீர்கள், கட்டிலில் உட்காராதீர்கள், வந்த காலோடு கையைக் கழுவுங்கள், அது போதும் என்றுதான் அவளுக்குச் சொல்ல வந்தது. அதைச் சொன்னால் மார்க் வராது. ஒருவர் பூ வாங்கலாம் என்க வேண்டும், மற்றவர் நல்ல யோசனை, ஆனால் புத்தகம் வாங்கலாமே என்க வேண்டும். ஒரு தடவையாவது மறுத்துப் பேசினால்தான் மார்க். நடையில் காத்திருந்தபோது அவளுக்கு ஜோடியாக வாய்த்த இசக்கிராஜா காதோடு வந்து, "அக்கா, நீங்க என்னைய மறுக்கும்போது கொஞ்சம் மெதுவா மறுங்க, சட்டுனு மறுத்தா எனக்கு அடுத்த லைன் மறந்துரும்" என்றான். இருபத்துநாலு வயது, மெக்கானிக் வேலைக்குப் போகிறவன், இருவரும் படித்தது ஒரே கோச்சிங் சென்டர். இப்போது அடுத்த மேசையில் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கிறான், மாதா கோயிலில் முதல் நன்மை வாங்கப் போகிற பிள்ளை மந்திரம் சொல்லிப் பார்க்கிற மாதிரி. இரண்டாம் பகுதி, தனியாக மூன்று நிமிஷம் பேச வேண்டும், முடித்ததும் கேள்வி கேட்பார்கள். தலைப்பு இரண்டு, பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்குச் செல்லப் பிராணி தேவையா. வயதானவர்கள் வீட்டில் இருப்பதா, இல்லத்தில் இருப்பதா. அவள் இரண்டாவதை வட்டமிட்டாள். பென்சில் முனை உடனே ஒடிந்தது. கண்காணிப்புப் பெண் வேறு பென்சில் கொண்டு வந்து வைத்தாள், எதுவும் பேசக் கூடாது என்று உதட்டில் விரலை வைத்தபடி, ஜெபமலர் என்னவோ பேசிவிட்டது போல.

இது மூன்றாவது தடவை. முதல் தடவை காதால் கேட்டு எழுதும் பகுதியில் போனது, இரண்டாவது தடவை நாலு மார்க்கில் போனது. ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லம் அவளை நர்ஸாக எடுத்துக்கொள்ளச் சம்மதித்துக் கடிதம் அனுப்பி ஒன்பது மாதம் ஆகிறது, இந்தத் தடவையும் இல்லையென்றால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம், நாற்பத்தெட்டு தாண்டினால் இனி பட்டியலிலேயே பெயர் வராதாம். அடுத்த மாதம் நாற்பத்தெட்டு. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் அவளை ஃபைல் அடுக்க வைத்திருக்கிறார்கள். இஸ்ரேலில் பதினோரு வருஷம் நீங்க வீட்டுல ஆள் பாத்திருக்கீங்க, அது நர்ஸ் வேலை இல்லியே என்று மேனேஜர் சொன்னபோது, அவளிடம் பயிற்சி எடுத்த பிள்ளைகள் ஊசித் தட்டோடு அந்தப் பக்கமாகப் போனார்கள். ஆள் பார்ப்பது நர்ஸ் வேலை இல்லை என்றால் நர்ஸ் எதைப் பார்க்கிறாள், கட்டிலையா? சரி, அது கிடக்கட்டும். இப்போது தலைப்பு. முதலில் முன்னுரை, அடுத்தது சொந்த அனுபவம், அப்புறம் எங்கள் நாட்டில் எப்படி, நன்மை தீமை, முடிவுரை. சொந்த அனுபவம் என்ற இடத்துக்கு வந்ததும் பென்சில் தன்னால் எழுதத் தொடங்கியது, ஏனென்றால் அதை கோச்சிங் சென்டர் ஹரிணி மேடம் எழுதிக் கொடுத்து இருநூறு தடவை சொல்ல வைத்திருக்கிறாள். என் பக்கத்து வீட்டில் ஒரு வயதான அம்மா இருந்தார். அவரிடம் ______ இல்லை. அதனால் மிகவும் கஷ்டப்பட்டார். நான் அவருக்கு உதவினேன். அவர் மிகவும் மகிழ்ச்சி அடைந்தார். இதிலிருந்து நான் நிறையக் கற்றுக்கொண்டேன். கோட்டில் எதை வேண்டுமானாலும் போடலாம். தலைப்பு கைப்பேசி என்றால் அந்த அம்மாவிடம் கைப்பேசி இல்லை, சைக்கிள் என்றால் சைக்கிள் இல்லை, நாய் என்றால் நாய் இல்லை, எது இல்லாமலும் அந்த அம்மா கஷ்டப்படத் தயார். குமரி மாவட்டத்திலிருந்து ஜெர்மனிக்குப் போன அத்தனை பேருக்கும் பக்கத்து வீட்டுக்காரி அந்த ஒரே அம்மாதான். ஜெபமலர் ஒருநாள் வகுப்பு முடிந்து தனியாகப் போய்ச் சொன்னாள், "மேடம், எனக்கு நெசமாவே அனுபவம் இருக்கு." ஹரிணி மேடம் பையை மாட்டிக்கொண்டே, அவளுக்கும் இருபத்துநாலு வயதுதான், கெட்ட பிள்ளை என்று சொல்ல முடியாது, "இருக்கட்டும் அக்கா. நெசத்துல தப்பு வரும். இதுல வராது, இது நான் திருத்தினது" என்றாள்.

நெசத்தில் தப்பு வரும். அந்த வார்த்தை பல்லிடுக்கில் நார் மாதிரி மாட்டிக்கொண்டு நாலு மாதமாகிறது, நாக்கு அங்கேயேதான் போகிறது. வராமலா இருக்கும். இருபத்திரண்டு வயதில் ஓமானுக்குப் போய் இறங்கினாளே, அப்போது அரபியில் ஒரு எழுத்துத் தெரியுமா, மலையோரத்துச் சின்ன ஆஸ்பத்திரி, முதல் நாளே பிரசவ வார்டு. வலிக்கு என்ன வார்த்தை என்று யாரும் கோச்சிங் எடுக்கவில்லை, வலித்தவள் கத்தினாள், அவள் கற்றுக்கொண்டாள். மூச்சு விடு, முக்கு, முக்காதே, தலை தெரியுது, ஆண், பெண், அழாதே, இந்த வரிசையில்தான் அந்த மொழி அவளுக்குள் வந்தது, நாள் கிழமையின் பெயரெல்லாம் ஆறு மாதம் கழித்துத்தான். எண்கூட ஒன்று முதல் பத்து வரைதான் முதலில் தெரியும், ஏனென்றால் கர்ப்பப்பை வாய் பத்து சென்டிமீட்டருக்கு மேல் திறக்காது. அந்த வயதில் மொழி தோலில் ஒட்டிக்கொண்டது, தடுப்பூசித் தழும்பு மாதிரி, கழுவினாலும் போகவில்லை. பெருநாளைக்குக் கிழவிகள் தட்டு நிறைய அல்வா கொண்டு வந்து, நீ எங்க ஊர்க்காரி மாதிரி பேசுகிறாய், ஆனால் எங்க ஊர்ப் பிள்ளைத்தாச்சி மாதிரி கத்திப் பேசுகிறாய் என்று சிரித்தார்கள். சத்தம் போட்டுத்தானே கேட்டாள், சத்தம் போட்டுத்தான் வரும். ஏழு வருஷம். எத்தனை தலையை இந்தக் கை ஏந்தியது. திரும்பி வந்து டென்னிசனைக் கட்டி, ஷெரின் பிறந்து, ரப்பர் விலை விழுந்து, மறுபடியும் விமானம், முப்பத்துமூன்று வயதில் எபிரேயம். அந்த வயதில் மொழி ஒட்டவில்லை, அதைப் பசியோடு பிடித்து வைக்க வேண்டியிருந்தது. மூன்று வயதுப் பிள்ளையை விட்டு வந்தவளுக்கு நேரம் ஏது, குளியலறைக் கண்ணாடியில், குளிர்சாதனப் பெட்டிக் கதவில், மாத்திரை டப்பாவில் என்று எங்கும் தமிழ் எழுத்தில் எபிரேய வார்த்தையை ஒட்டி வைத்தாள். மெதுவாக, கையைக் கொடுங்க, விழுந்துராதீங்க. இரண்டு வருஷத்தில் மருந்துக் கடைக்காரனிடம் சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டது. இதெல்லாம் ஜெர்மனிக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிப் படிவத்தில் தெரிந்த மொழிகள் என்ற கட்டத்தில் எழுதிக் கொடுத்தபோது, கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவன் நிமிர்ந்து பார்த்து, சர்டிஃபிகேட் இருக்கா என்றான். இல்லை. அப்ப அடிச்சிருவோம்க்கா, பேப்பர் இல்லாத பாஷை தெரியாத பாஷை மாதிரிதான் என்று சொல்லி, அரபி என்று எழுதியிருந்ததன் மேல் ஒரு கோடு, எபிரேயத்தின் மேல் ஒரு கோடு, ஸ்கேல் வைத்து நேராகப் போட்டான். பதினெட்டு வருஷத்தை ஸ்கேல் வைத்து அடித்தான்.

கடிகாரத்தில் நாலு நிமிஷம் போயிருந்தது. எழுத வேண்டும். நன்மைகள்: இல்லத்தில் நண்பர்கள் கிடைப்பார்கள், மருத்துவர் இருப்பார். தீமைகள்: தனிமை. தனிமைக்கு என்ன பால்? பெண்பால். இந்த மொழியில் கரண்டி ஆம்பளை, முள்ளுக்கரண்டி பொம்பளை, கத்தி இரண்டுமில்லை, சாப்பாட்டு மேசையில் ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கிறது, யார் யார் என்ன முறை என்று தெரியாமல் வாயைத் திறந்தால் தப்பு. நாற்பத்தேழு வயதில் மொழி தோலிலும் ஒட்டவில்லை, பசியிலும் ஒட்டவில்லை, காகிதத்தில்தான் இருக்கிறது, காகிதத்தை மூடினால் அது காகிதத்துக்குள்ளேயே இருந்துவிடுகிறது. ஆமாம் என்று சொல்லப் போனால் ஐவா என்று அரபி முந்துகிறது, ஆனால் என்று சொல்லப் போனால் அவால் என்று எபிரேயம் முந்துகிறது, அரபியையும் எபிரேயத்தையும் கோடு போட்டு அடித்தவன் வந்து பார்க்கட்டும், அடித்த இரண்டும் உள்ளே நின்று கதவைத் தள்ளுகிறதை. ஹரிணி மேடம் கேட்பாள், "அக்கா, திரும்ப ஓமானுக்குப் போயிட்டீங்களா?" வகுப்பே சிரிக்கும், அவளும் சிரிப்பாள். முதல் வாரம் உங்கள் பொழுதுபோக்கு என்ன என்று ஜெர்மனில் கேட்டார்கள். இத்தனை வயதில் அவளை அப்படிக் கேட்ட முதல் மொழி அதுதான். அரபி அவளுக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்கக் கற்றுக் கொடுத்தது, எபிரேயம் மெதுவாக என்று கற்றுக் கொடுத்தது, இது உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டது. நீச்சல்னு போடுங்க, சின்ன வார்த்தை என்று மேடம் சொன்னாள். அன்றிலிருந்து ஜெர்மனில் ஜெபமலருக்கு நீச்சல் பிடிக்கும். கடலைப் பார்த்தால் கால் நடுங்குகிறவள். வீட்டில் இதைச் சொன்னபோது டென்னிசன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "இந்த வயசுல ஒனக்கு என்னத்துக்குட்டி இன்னொரு பாஷை? இருக்க பாஷையில சண்டை போடவே நமக்கு நேரம் பத்தல்ல" என்றான். ஷெரின் மட்டும் சிரிக்காமல் பார்த்தாள். என்னத்துக்கு என்று மகளுக்கும் யாரும் சொல்லவில்லை. நர்ஸ் என்று மறுபடி கூப்பிட வேண்டும், அது ஒன்று. அது மட்டும்தானா? பென்சில் நின்றது. அந்தப் பக்கம் போகாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், இப்போது வேண்டாம், பதினோரு நிமிஷம்தான் இருக்கிறது, தனிமை பெண்பால், தனிமை பெண்பால்.

போகாதே என்றால் மனசு கேட்கிறதா. எஸ்தரம்மா ஜன்னலுக்கு நேரே கையை நீட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இஸ்ரேலில், ஹைஃபாவில் மூன்றாம் மாடி, ஒற்றைப் படுக்கையறை, கட்டிலுக்கு ஒரு கை தூரத்தில் ஜெபமலரின் மடக்குக் கட்டில். ஒன்பது வருஷம் அந்த அம்மாவோடு. தொண்ணூற்றொரு வயதுக் கிழவி, மகா கண்டிப்பு, தேநீர்க் கோப்பையின் காது வலது பக்கம் பார்த்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குடிக்க மாட்டாள். யூதர்களை வேட்டையாடிய காலத்தில், ஒன்பது வயதில் ஜெர்மனியிலிருந்து கப்பலில் தனியாக ஏற்றிவிடப்பட்டு வந்தவள், ஏற்றிவிட்டவர்கள் யாரும் பின்னால் வந்து சேரவில்லை, அதற்குப் பிறகு அந்த மொழியில் ஒரு சொல் பேசியதில்லை என்று வைராக்கியமாகச் சொல்வாள், பெற்ற மகனிடம்கூட. வாழ்நாள் முழுக்க எபிரேயம்தான். கடைசி வருஷம் அது உதிர ஆரம்பித்தது. மாத்திரை என்ற சொல் போனது, தண்ணீர் போனது, ஜெபமலரின் பெயர் போனது, மகன் பெயர் போனது, மேல்பூச்சு பெயர்ந்து பழைய சுவர் தெரிகிற மாதிரி உள்ளேயிருந்து அந்தக் குழந்தை மொழி வெளியே வந்தது. எண்பது வருஷமாகப் பூட்டி வைத்ததைக் கிழவி காலை மாலை என்று கொட்டினாள், கேட்க இருந்தவளுக்கு அதில் ஒரு எழுத்துத் தெரியாது. பின்னால் கற்றது முதலில் போகும், முதலில் கற்றது கடைசி வரை நிற்கும் என்று எந்த நர்ஸிங் கல்லூரியிலும் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. தனக்கும் ஒருநாள் அப்படித்தான் ஆகும், ஜெர்மன் முதலில் போகும், அப்புறம் எபிரேயம், அப்புறம் அரபி, தமிழ் மட்டும் மிஞ்சும், மிஞ்சிய தமிழில் எதையோ கேட்பாள், கேட்க யார் பக்கத்தில் இருப்பார்கள். அதை நினைத்தால் அடிவயிறு குளிர்கிறது. குளிர். வந்துவிட்டது பார், சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. அறையில் குளிர் காய மண்ணெண்ணெய் அடுப்பு எரியும், அது எரிந்தால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும், புகை கட்டினால் மூச்சு முட்டும், இது அவள் படித்த பாடம், கண்ணை மூடிக்கொண்டும் செய்வாள். ஜன்னல் எஸ்தரம்மாவின் தலைமாட்டில். கிழவி இரண்டே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வாள், எஸ் ட்ஸீட், எஸ் ட்ஸீட், சொல்லிக்கொண்டே ஜன்னலை நோக்கிக் கையை நீட்டுவாள். சரி அம்மா, சரி அம்மா. புகை முட்டுகிறது போலிருக்கிறது என்று எழுந்து போய் ஜன்னலை இன்னும் ஒரு சாண் அகலமாகத் திறந்து வைத்தாள் ஜெபமலர்.

நிமிர்ந்து பார்த்தாள். இன்னும் ஏழு நிமிஷம். இசக்கிராஜா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். கோச்சிங் சென்டரில் போன ஜூன் மாதம், காதில் மாட்டுகிற கருவி போட்டுக் கேட்கும் பயிற்சி, ரயில் பெட்டியில் இரண்டு பேர் பேசுகிறார்கள், பெண் குரல் சொல்கிறது, எஸ் ட்ஸீட். உடனே ஒரு ஜன்னல் சாத்துகிற சத்தம். அவ்வளவுதான் கேட்டது, அடுத்தது ஒன்றும் கேட்கவில்லை. கருவியைக் கழற்றிவிட்டு, "மேடம், இப்ப அந்தப் பொம்பளை சொன்னது என்ன?" என்றாள். "எது அக்கா? அதுவா, அது பேச்சு வழக்கு. ஜன்னல் வழியா குளிர்காத்து இழுக்குது, மேல படுதுன்னு அர்த்தம். சாத்துன்னு நேரா சொல்லாம இப்படிச் சொல்லுவாங்க. பரீட்சைக்கு வராது, விடுங்க." பரீட்சைக்கு வராது. ஒரு மனுஷி மூன்று மாதம் சொன்னது பரீட்சைக்கு வராது. ஜெபமலர் எழுந்து வெளியே போய்க் குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றாள், குழாயை மூட மறந்து போனாள், வாட்ச்மேன் வந்து மூடினார். குளிர்காற்றால் நிமோனியா வராது, அது அவளுக்குத் தெரியும், டாக்டர் வயசு என்று சொன்னார், நுரையீரல் தேய்ந்துவிட்டது என்று சொன்னார், பிப்ரவரி பத்தொன்பது காலையில் முடிந்தது, அதில் ஜன்னலுக்குப் பங்கில்லை. இல்லை என்றே வைத்துக்கொள். ஆனால் குளிர்ந்ததே. அந்த அம்மா ஒழுங்காக, மரியாதையாக, சாத்து என்றுகூட அதிகாரம் பண்ணாமல், காற்று வருகிறது என்று தினம் சொன்னாளே, சொல்லும்போதெல்லாம் இவள் இன்னும் திறந்தாளே. கம்பளிக்கு மேல் கம்பளி போட்டாள், தலைக்குப் போடவில்லை. சாகிற கிழவிக்கு ஜன்னல் சாத்தத் தெரியாத நர்ஸ். அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது, அதுதான் நெஞ்சில் கனலாகக் கிடக்கிறது, மகன் ஊரி, அறுபது தாண்டியவன், வெள்ளிக்கிழமை மத்தியானம் வருவான், பூ வைத்துவிட்டு அரைமணியில் போவான். அவனிடம் கேட்டாளே. எபிரேயத்தில் தெளிவாகக் கேட்டாள், அம்மா இதையே சொல்கிறார்கள், என்ன அர்த்தம்? அவன் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றான். முகம் இறுகியது. "ஒன்றுமில்லை, குழந்தைப் பேச்சு. பதில் சொல்லாதே. அவளோடு எபிரேயத்தில் பேசு." அப்படிச் சொல்லிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, போகிற போக்கில் தன் கையாலேயே அந்த ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டுப் போனான். இழுத்துச் சாத்திவிட்டுப் போனான். அறிவு கெட்டவன், அடுப்பு எரிகிறது தெரியவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் திரும்பத் திறந்து வைத்தாள். ஜூன் மாதம் குழாயடியில் நின்றபோதுதான் அந்தக் கை ஜன்னலை இழுத்தது கண்ணுக்குத் தெரிந்தது. அவனுக்குப் புரிந்திருக்கிறது. மூன்று மாதமும் வெள்ளிக்கிழமை தோறும் புரிந்திருக்கிறது. அந்த மொழி மேல் அவனுக்கு என்ன கோபமோ, அம்மா ஒளித்து வைத்ததை அவன் எந்தக் கதவுக்குப் பின்னால் நின்று கற்றானோ, அது அவன் வீட்டுச் சங்கதி, ஆனால் இரண்டு வார்த்தை, அம்மாவுக்குக் குளிர்கிறது என்று இரண்டே வார்த்தை இந்தக் கூலிக்காரியிடம் சொன்னால் என்ன குறைந்து போயிருப்பான்?

"நேரம் முடிந்தது." கண்காணிப்புப் பெண் எழுந்து நின்றாள். ஜெபமலர் தாளைப் பார்த்தாள். என் பக்கத்து வீட்டில் ஒரு வயதான அம்மா இருந்தார் என்பதிலிருந்து நிறையக் கற்றுக்கொண்டேன் வரை ஒரு தப்பில்லாமல் எழுதியிருந்தது, கோட்டில் துணை என்று போட்டிருந்தாள். அந்த அம்மாவிடம் துணை இல்லை. கை நன்றாகத்தான் எழுதியிருக்கிறது, கைக்கு மானம் ரோஷம் கிடையாது. நாலு மார்க்கில் போனது போதும், பேசாமல் இதைச் சொல்லிவிட்டு வந்துவிடு, நர்ஸ் ஆகு, மற்றதை அங்கே போய் அழுதுகொள் என்று தனக்குச் சொல்லியபடி இசக்கிராஜாவோடு உள்ளே போனாள்.

உள்ளே பரீட்சை எடுக்க இரண்டு பேர். குட்டையாக வெட்டிய நரைமுடியோடு ஒரு ஜெர்மன்காரி, பக்கத்தில் கையில் நேரக்கருவியோடு நம்மூர் ஆள் ஒருவர். கால் முறிந்தவருக்குப் பூ வேண்டாம் புத்தகம் என்று மெதுவாக மறுத்தாள், ஆனால் என்ற இடத்தில் அவால் என்று வந்துவிட்டது, இசக்கிராஜா கண்ணை அகலமாகத் திறந்தான், பிறகு தட்டுத் தடுமாறிப் பேருந்தில் போவது என்று முடிவாயிற்று. அவன் முதலில் பேசினான். செல்லப் பிராணி. நன்றாகத்தான் தொடங்கினான். பிறகு சொன்னான், "என் பக்கத்து வீட்டில் ஒரு வயதான அம்மா இருந்தார். அவரிடம் நாய் இல்லை." நம்மூர் ஆள் ஜெர்மன்காரியைத் திரும்பிப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை, ஆனால் அவள் உதட்டோரம் ஒரு துளி இழுபட்டது. காலையிலிருந்து எத்தனை பேர் அந்த அம்மாவை இந்த அறைக்குள் கூட்டி வந்தார்களோ. பென்சிலைத் தாளின் மேல் படுக்க வைத்துவிட்டு ஜெர்மன்காரி காத்திருந்தாள். இசக்கிராஜா உதவி செய்து, அம்மா மகிழ்ச்சி அடைந்து, அவன் நிறையக் கற்றுக்கொண்டு முடித்தான். வேர்வை காதோரமாக வழிந்தது.

"அடுத்து நீங்கள்."

எழுதி வைத்தது எதிரேதான் கிடந்தது. அதைச் சொன்னால் அந்த உதடு மறுபடி இழுபடும். ஜெபமலர் தாளைக் கவிழ்த்து வைத்தாள். முன்னுரை சொன்னாள். பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, நெசத்தை எடுத்தாள். ஜெர்மனில் அது இப்படித்தான் வந்தது: "என் அனுபவம். ஒரு வயதான அம்மா இருந்தார்." எப்படித் தொடங்கினாலும் அப்படித்தான் தொடங்க வேண்டியிருந்தது. ஜெர்மன்காரியின் பென்சில் மறுபடியும் தாளின் மேல் படுத்துவிட்டது. நம்மூர் ஆள் நேரக்கருவியைப் பார்த்தார். அவள் திணறினாள், அவருக்கு நான், அவரோடு நான், வேலை, ஒன்பது வருஷம், வினைச்சொல் எங்கே போனது, அரபியில் ஒன்று வந்தது, தள்ளினாள், எபிரேயத்தில் ஒன்று வந்தது, தள்ளினாள்.

"நன்றி," என்றாள் ஜெர்மன்காரி, கனிவாகத்தான், இவளை இதற்கு மேல் வதைக்க வேண்டாம் என்கிற கனிவு. "அனுபவம் புரிந்தது. உங்கள் நாட்டில் எப்படி என்பதற்குப் போகலாம்."

"இல்லை," என்றாள் ஜெபமலர்.

குரல் அவள் நினைத்ததை விட உரக்க வந்தது, பிரசவ வார்டுக் குரல். இசக்கிராஜா நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தான்.

"உங்களுக்குப் புரியவில்லை. நான் முடிக்கவில்லை. பக்கத்து வீடு இல்லை. ஒரே அறை. அவர் பெயர் எஸ்தர். வயது தொண்ணூற்றொன்று. ஊர் ஹைஃபா. நான் நர்ஸ்." ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவளுக்கு நோயாளியை ஒப்படைக்கிற வேகத்தில் சொன்னாள், ஒவ்வொன்றாக, பால் பார்க்காமல். "கடைசியில் எபிரேயம் மறந்துவிட்டது. ஜெர்மன் மட்டும் இருந்தது. எனக்கு அப்போது ஜெர்மன் இல்லை. மகனுக்கு இருந்தது, அவன் சொல்லவில்லை. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. தினமும் அவர் என்னிடம் சொன்னார், எஸ் ட்ஸீட்."

ஜெர்மன்காரியின் கை எழுந்து போய்த் தன் கழுத்துத் துணியைப் பிடித்துக்கொண்டது. நம்மூர் ஆள் கருவியின் பொத்தான் மேல் கட்டை விரலை வைத்துக்கொண்டு, அழுத்தவா வேண்டாமா என்று பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"ஜன்னல் திறந்திருந்தது," என்றாள் ஜெபமலர். "திறந்தது நான். அவர் சொல்லச் சொல்ல இன்னும் திறந்தேன். பிப்ரவரி பத்தொன்பது, காலை, ஐந்து நாற்பது." மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "முடித்துவிட்டேன். இனி நீங்கள் கேளுங்கள்."